பின்சக்கரங்களின் கீழ்ப்படிதல்

அப்துல் பாரிக்குக் கார் கிடைத்த கதையைச் சொன்னால் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

ரங்கூனுக்கு யாங்கோன் என்று பெயர் மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாரி அங்கே லத்தா வட்டாரத்தில் பருப்புத் தரகர். கடை என்று சொல்ல ஒரு மேசையும், மாதிரிப் பருப்பு பரப்பிவைக்கிற தகரத் தட்டுகளும்தான். உளுந்தையும் துவரையையும் கப்பலேற்றுகிற பெரிய வியாபாரிகளுக்கும், ஊரின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில் அவற்றைச் சுத்தம் செய்கிற ஆலைகளுக்கும் நடுவில் ஓடுகிற வேலை. மழைக்காலத்தில் ஷ்வேப்யிதா ஆலைச் சாலைகள் சேற்றுக் குளமாகிவிடும். பாதி வழியில் பஸ் நின்றுவிட, பாரி கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். வியாபாரம் பேசுகிற மனிதன் முழங்கால் வரை சேற்றோடு போய் நின்றால் ஆலைக்காரன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான்.

மனைவி மதீனா பீவியின் தம்பி நியாஸ் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு கார் கொண்டுவரலாம் என்று அப்போது ஓர் அனுமதி இருந்தது. கல்யாணம் ஆகாத நியாஸ், அக்காள் வீட்டுக்கென்று யோகோஹாமாவில் பார்த்துப் பார்த்து ஒரு பழைய பச்சை நிறக் காரைக் கொண்டுவந்து இறக்கினான். துறைமுக வாசலில் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்:

“மச்சான், இதுக்குப் பேரு சுபாரு. நாம கார்த்திகை நட்சத்திரம்னு சொல்றோம்ல, ஜப்பான் பாசைல அதுக்கு அதான் பேரு. இந்தா, ஆறு நட்சத்திரம் பாத்தீங்களா? அஞ்சு கம்பெனி சேந்து ஒரு பெரிய கம்பெனியாச்சாம், அதுக்கு அடையாளம். முன்னால ஏரோப்ளேன் செஞ்சவங்க. சண்டையில தோத்ததும் ப்ளேன் செய்யக் கூடாதுன்னுட்டாங்க. சும்மா இருக்க முடியுமா? ஸ்கூட்டர் செஞ்சாங்க, பஸ்ஸுக்கு பாடி கட்டுனாங்க, வண்டு மாதிரி ஒரு குட்டிக் காரு செஞ்சாங்க. அப்புறம்தான் இந்த மாதிரி.”

“இதுல என்ன விசேசம்?”

“பனிமலையில கரண்டுக் கம்பி பாக்கப் போற ஆளுங்க கேட்டாங்களாம், ஜீப்பு மாதிரி ஏறணும், ஆனா ஜீப்பு மாதிரி முதுகு ஒடியக் கூடாதுன்னு. அதுக்காகச் செஞ்சது. நாலு சக்கரமும் இழுக்கும். எஞ்சின் படுத்தாப்ல இருக்கும், அதனால வண்டி ஆட்டம் போடாது. இத ஒரு தடவ வாங்குனவன் வேற வண்டி பக்கம் போக மாட்டான் மச்சான். கிறுக்குப் பிடிச்சவன் மாதிரி பேசிட்டுத் திரிவான்.”

பாரி அந்தப் பச்சைத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். கிறுக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வண்டியைப் பதிவு செய்யப் போனார். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். சட்டத்தைப் படித்தவர். “இரண்டு சக்கரம் இழுத்தால் கார். நான்கு சக்கரம் இழுத்தால் ஜீப். இது நின்றால் காராக இருக்கிறது, ஓடினால் ஜீப்பாகிவிடுகிறது. நான் எதில் சேர்ப்பது?” என்று கேட்டார். வண்டி ‘ஊர்தி இயல்பு ஆய்வுக் குழு’வுக்கு அனுப்பப்பட்டது.

அந்தக் குழு இத்தகைய சந்தேகங்களைத் தீர்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. உருவான நாளிலிருந்து ஒரு சந்தேகமும் வரவில்லை. உறுப்பினர்கள் தினமும் வந்து, தேநீர் குடித்து, சந்தேகத்துக்காகக் காத்திருந்துவிட்டுப் போனார்கள். அதனால் பாரியின் கார் முற்றத்தில் நுழைந்தபோது எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். அவருக்கு நாற்காலி போட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

குழுத் தலைவர் ஊ மியா த்வின், ஓய்வுபெற்ற மேஜர். பர்மாவில் வாத்தியார், வைத்தியர், அதிகாரி எல்லோரையும் ‘சயா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவரைக் கொஞ்சம் அழுத்திக் கூப்பிட வேண்டும்.

முதல் விசாரணை நட்சத்திரம் பற்றியது.

“இவை யாருடைய நட்சத்திரங்கள்?” என்று தலைவர் பர்மிய மொழியில் கேட்டார்.

“கம்பெனியுடையவை, சயா. வானத்தில் கூட்டமாக இருக்குமே…”

“வானத்தில் இருப்பதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் முப்பது வருஷம் காட்டிலும் மலையிலும் சேவை செய்தேன். ஓய்வு பெறும்போது என் தோளில் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். உன் கார் பிறக்கும்போதே ஆறோடு பிறந்திருக்கிறது. அது என்ன சேவை செய்தது?”

மற்ற உறுப்பினர்கள் காரைக் கண்டிப்போடு பார்த்தார்கள். பாரியும் அப்படியே பார்த்துவைத்தார். விஷயம் முடியும்வரை நட்சத்திரங்களை மூட வேண்டும் என்று உத்தரவாயிற்று. கையில் வேறெதுவும் கிடைக்காததால் எதிர் மருந்துக்கடையில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார். வண்டி யாரிடமோ மூக்கில் குத்து வாங்கியதுபோல் நின்றது.

இரண்டாவது விசாரணையில் தொழில்நுட்ப உறுப்பினர் எஞ்சினைப் பற்றி அறிக்கை படித்தார். பிஸ்டன்கள் இரு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கின்றன என்றார்.

“எதிராகவா?” தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “எதற்கு எதிராக?”

“ஒன்றுக்கு ஒன்று எதிராக, சயா.”

“அவற்றில் தலைமை எது?”

“தலைமை இல்லை. இந்தப் பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கமும் தள்ளும். அதனால் அதிர்வு அடங்கிவிடுகிறது.”

“எதிர்ப்பு இருக்கிறது, தலைமை இல்லை, அதிர்வும் இல்லை. இதை நான் நம்ப வேண்டுமா?” தலைவர் பாரியின் பக்கம் திரும்பினார். “உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துதான் இதை வாங்கினாயா?”

“தெரியாது, சயா. நான் உள்ளே பார்த்ததே இல்லை.”

அந்தப் பதில் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குடிமக்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உறுப்பினர்களிடம் சொன்னார். பாரிக்குக் காது சுட்டது. அது பாராட்டா வசவா என்று வீடு வரும்வரை யோசித்தார்.

மூன்றாவது விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான். “இந்த வண்டியை மக்களுக்கு ஏன் பிடிக்கிறது?”

பாரி பனிமலையைச் சொன்னார். சேற்றைச் சொன்னார். வளைவில் திரும்பும்போது வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போவதைச் சொல்லும்போது அவரை அறியாமல் கை காற்றில் வளைந்தது. முகம் மலர்ந்துவிட்டது. தலைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரசாங்கத்தின் எந்த ஊர்தியைப் பற்றியாவது நீ இப்படிப் பேசியிருக்கிறாயா?”

பாரி கையை இறக்கிக்கொண்டார்.

சேற்றில் ஓடும் என்று சொன்னதால் சேற்றில் சோதனை நடத்துவதென்று முடிவாயிற்று. ஒரு மழை நாளில் குழு முழுவதும் தன் ஜீப்பில் ஷ்வேப்யிதாவுக்குப் புறப்பட்டது. அன்றைக்கு மட்டும் சாவியைத் திரும்ப வாங்கி, பாரி பிளாஸ்திரி ஒட்டிய காரைப் பின்னால் ஓட்டிப் போனார். ஆலைகளைத் தாண்டியதும் ஜீப் அச்சுவரை சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் முறுக்க முறுக்க, சேறு கிளம்பி உறுப்பினர்கள்மேல் சமமாக விழுந்தது. ஆலைப் பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

பாரி உதவி செய்கிற சுபாவம் உள்ளவர். யாரும் கேட்காமலேயே கயிற்றைக் கட்டினார். கார் ஒரு முறை உறுமியது, நான்கு சக்கரங்களும் மண்ணைப் பற்றிக்கொண்டன, ஜீப் கன்றுக்குட்டிபோல் பின்னால் வந்தது. பெண்கள் கை தட்டினார்கள். பாரி ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சிரித்தார். தன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய தவறை அவர் அதற்கு முன் செய்ததில்லை.

மறுநாள் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தேநீர் தரவில்லை.

“ஜீப் சிக்கவில்லை. நிலத்தின் தன்மையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வை உன் கார் குலைத்துவிட்டது. போகட்டும். நான் பெரிய விஷயத்தைக் கேட்கிறேன். நான்கு சக்கரமும் இழுத்தால், யார்தான் பின்னால் வருவது? முன்னால் இருப்பது இழுக்க வேண்டும், பின்னால் இருப்பது வர வேண்டும். பின்னால் இருப்பதும் இழுக்க ஆரம்பித்தால், முன்னால் இருப்பதற்கு என்ன மரியாதை? எல்லோரும் இழுத்தால் நாடு எங்கே போகும்?”

தலைவர் குரலைத் தாழ்த்தி, உன் மைத்துனன் கப்பலில் வேலை பார்ப்பதற்கான அனுமதிப் புத்தகத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கும், இல்லையா என்று விசாரித்தார். அன்பாகத்தான் விசாரித்தார்.

வழி ஒன்றையும் அவரே சொன்னார். பின்சக்கரங்கள் தாமாக எதையும் செய்வதில்லை, முன்சக்கரங்களைப் பணிவோடு பின்தொடர்கின்றன என்று உரிமையாளர் பொதுவில் அறிவித்துவிட்டால், அது கார்தான் என்று குழு ஏற்றுக்கொள்ளும்.

வீட்டில் மதீனா பீவி இதைக் கேட்டுவிட்டு அரிசி களைவதை நிறுத்தினாள்.

“எல்லாரும் இழுத்தா நாடு எங்க போகும்னா கேட்டாரு? முன்னாடி போகும். வேற எங்க போகும்? இதச் சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையா?”

“நியாஸு பொழப்பு போயிடும் புள்ளே.”

தம்பியின் பெயர் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மறுபடி அரிசியில் கையை விட்டாள்.

அறிவிப்பு விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பாரி குடியிருந்த தின்கன்ஜூனில் அவர் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வாத்தியார்கள், மளிகைக்கடைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மதீனா பீவி. மேடையில் பூமாலை போட்ட கார்ச் சக்கரம் ஒன்று. அது பின்சக்கரமா முன்சக்கரமா என்பதில் அன்று காலையில் பெரிய வாக்குவாதம் நடந்ததாகக் கேள்வி.

பாரி ஒலிபெருக்கி முன் நின்றார். “என் காரின் பின்சக்கரங்கள் தாமாக எதையும் செய்வதில்லை,” என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. “அவை பணிவுள்ளவை. ஷ்வேப்யிதாவில் அன்று நடந்தது ஒரு தோற்றம்.”

கைதட்டல் எழுந்தது. அதுவும் கட்டாயம். கை தட்டுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டினார்கள். பாரியின் கண் மனைவியைத் தேடியது. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை மேலேயே கைலி அவிழ்ந்து விழுந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

கார் வீட்டுக்கு வந்தது. நியாஸின் புத்தகமும் புதுப்பிக்கப்பட்டது. பாரி ஆலைகளுக்குக் காரில் போனார். கால் சுத்தமாக இருந்தது. ஆனால் அன்று கைதட்டிய பெண்களில் ஒருத்தி, “இந்தத் தோற்றம் இன்றைக்கும் வந்துவிட்டதா?” என்று கேட்டுச் சிரித்தபோது, கால் சேறாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது.

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாரியின் உரை மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, மிகத் தெளிவான உரை என்று பெயர் வாங்கிவிட்டது. அது விதியாகவே ஆக்கப்பட்டது. இனி இப்படிப்பட்ட கார் வைத்திருக்கிற எல்லோரும் அதே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைச் சரிபார்க்க அனுபவம் உள்ளவர் தேவை. குழுவின் கௌரவ உறுப்பினராக அப்துல் பாரி நியமிக்கப்பட்டார். மறுக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மறுக்க வேண்டியிருக்குமே என்ற பயம்.

முதல் சில நாட்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். வாசலில் காவல்காரன் எழுந்து நின்றான். லத்தாவில் பெரிய வியாபாரிகள் அவரைத் தேடி வந்து பேசினார்கள். யாராவது ‘பணிவோடு’ என்ற சொல்லை விட்டுவிட்டு வாசகத்தைச் சொன்னால், அதை எடுத்துக்கொடுக்கிறவர் அவராகவே இருந்தார்.

அந்த நிலையில்தான் மரியபுஷ்பம் வந்தாள். மிஷன் பள்ளியில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தவள், கணவனை இழந்தவள். மகன் ஆல்பின் ஜப்பானில் ஹோட்டலில் பாத்திரம் கழுவி, ஒரு கப்பல்காரர் மூலமாக அம்மாவுக்கு வெள்ளை சுபாரு ஒன்றை அனுப்பியிருந்தான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

மேசைக்கு அந்தப் பக்கம் தொப்பியும் தாடியுமாக ஒருவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அண்ணே, நீங்க நம்மாளா! அப்பாடா. என்னமோ பயந்துட்டே வந்தேன்.”

தலைவர் பாரியைப் பார்த்தார். பாரி தொண்டையைச் செருமினார்.

“குழுவின் மொழியில் பேசுங்கள், டோ மரியபுஷ்பம்,” என்றார் பர்மிய மொழியில், பெண்களுக்கான பர்மிய மரியாதைச் சொல்லையும் பெயருக்கு முன் சேர்த்து.

அவள் பாரியுடையதைவிட நல்ல பர்மிய மொழியில் பேசினாள். வாசகத்தைச் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள்.

“பின்சக்கரமும் இழுக்கிறது. மழையில் நானே ஓட்டிப் பார்த்தேன். அதற்காகத்தான் என் மகன் இந்த வண்டியைத் தேடி வாங்கினான். நாளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளை இதில் ஏற்றப்போகிறேன். பொய் சொல்லிவிட்டு எப்படி ஏற்றுவது?”

தொழில்நுட்ப உறுப்பினர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பாரியை நோக்கி முகவாயை அசைத்தார்.

“இந்த வண்டி உங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று விளக்குங்கள்,” என்றார் பாரி.

மரியபுஷ்பம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தமிழில், வேறு யாரும் இல்லாததுபோல் கேட்டாள்: “ஒங்களுக்கு ஏண்ணே பிடிச்சுது?”

“என்ன சொல்கிறாள்?” என்றார் தலைவர்.

பாரிக்கு உள்ளங்கையில் பச்சைத் தகரத்தின் சூடு தெரிந்தது. வாயைத் திறந்தார்.

“தனக்குத் தெரியாது என்கிறார், சயா.”

மரியபுஷ்பத்துக்குப் பர்மிய மொழி தெரியும் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வெள்ளைக் கார் முற்றத்திலேயே நின்றது. அவள் நடந்து வெளியே போனாள்.

வெளியே பச்சைக் காரில் மதீனா பீவி காத்திருந்தாள். அன்று இருவரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதாக இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பாரி பார்த்தார். மரியபுஷ்பம் காரின் மூக்கில் இருந்த ஆறு நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு நின்றாள். மதீனா கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டாள். அவள் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம்தான் பேசினார்கள். பிறகு மதீனா கல்யாணச் சேலையோடு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, அவளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோனாள்.

பாரி படிகளில் ஓடி இறங்கிக் காரை எடுத்தபோது பஸ் கிளம்பிவிட்டது. தின்கன்ஜூன்வரை அதன் பின்னாலேயே போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது, அவரும் நின்றார். பஸ்ஸின் பின்கதவில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள், காலியான காரில் தனியாகத் தொடர்ந்து வருகிற மனிதரைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். மதீனா திரும்பவே இல்லை.

வீட்டில் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்தம்மா ஒங்கள ஒண்ணும் திட்டல. பாவம், என்ன கஷ்டமோன்னுதான் சொன்னாங்க. திட்டியிருந்தா நான் ஒங்க பக்கம் பேசியிருப்பேன்.”

பாரி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அடுத்த கூட்டத்தில் அவர் பதவி விலகுவதாகச் சொன்னார். கௌரவ உறுப்பினர் விலகலாமா என்பது ஒரு சந்தேகம். சந்தேகங்கள் குழுவுக்குத்தான் வர வேண்டும். எனவே அவருடைய விலகல் அவர் உறுப்பினராக இருந்த குழுவுக்கே அனுப்பப்பட்டது. தன் நாற்காலியிலிருந்து எழுந்து மேசையின் அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

“காரணம்?” என்றார் ஊ மியா த்வின்.

“வெட்கமாக இருக்கிறது, சயா.”

ஓரத்தில் நடவடிக்கைகளைப் பதிந்துகொண்டிருந்த தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள் நின்றன.

“பின்சக்கரங்கள் இழுக்கின்றன,” என்றார் பாரி. “நான் சொன்னது பொய். ஷ்வேப்யிதாவில் நடந்தது நிஜம். அந்த அம்மா சொன்னதும் நிஜம். அவர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன்.”

தலைவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். “உன் உரை இப்போது விதி. விதியை ஒரு தனி மனிதன் பொய் என்று சொல்ல முடியாது, அதைச் சொன்ன மனிதனாக இருந்தாலும் சரி. நான் எத்தனை உத்தரவுகள் போட்டிருக்கிறேன்! ஒவ்வொன்றுக்கும் வெட்கப்பட ஆரம்பித்தால் எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?”

விலகலுக்கான காரணங்களில் வெட்கம் இல்லை என்று தட்டச்சுக்காரப் பெண் மெதுவாக நினைவூட்டினாள். உறுப்பினர்கள் கலந்து பேசி ‘உடல்நலக் குறைவு’ என்று பதிந்தார்கள்.

அதிலிருந்து எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. நோயாளி ஒருவர் விசாரித்த விஷயம் செல்லாது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். எனவே மரியபுஷ்பத்தின் விசாரணை நடக்கவே இல்லை. நடக்காத விசாரணைக்காகக் காரை நிறுத்திவைக்க முடியாது. வெள்ளைக் கார் அவளிடம் போய்ச் சேர்ந்தது. பாரி ஒரு காலை தெருவோரம் நின்று அது பிள்ளைகளோடு போவதைப் பார்த்தார். கை உயர்த்தலாமா என்று நினைத்தார். உயர்த்தவில்லை.

ஒரு வாரம் கழித்து, குழு வழக்கப்படி நலம் விசாரிக்க வந்தது. வாசலில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டதும் பாரி உள் அறையில் போய்ப் படுத்து முகம்வரை போர்த்திக்கொண்டார். ஊ மியா த்வின் கையில் ஆரஞ்சுப் பழக் கூடை. பின்னால் மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். மதீனா பீவி கதவைத் திறந்தாள்.

“காய்ச்சல் எப்படி இருக்கிறது?” என்று தலைவர் மெல்லக் கேட்டார். “எங்களுக்கும் தொற்றிவிடுகிற நோயா?”

“காய்ச்சல் எதுவும் இல்லை, சயா. அவருக்கு வந்திருப்பது வெட்கம்,” என்றாள் அவள் பர்மிய மொழியில், நல்ல மரியாதையோடு. “உங்களுக்குத் தொற்றாது. பயப்படாமல் உள்ளே வாருங்கள்.”

ஊ மியா த்வின் நிம்மதியாக மூச்சு விட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.